மிளகு வாசல் என்று பெயர் வைத்தவனுக்கு

மகனே, இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு மலையாளம்தான் கடகடவென்று ஓடும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டு, கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பி முடித்துக்கொள்வாய். இதை அப்படி முடிக்க முடியாது. விரல் வைத்து வரிவரியாகப் படி. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் படித்துவிடுவாய். நான் கோபமாக இருக்கிறேனா என்று நீ யோசிக்க வேண்டாம். கோபமாகத்தான் இருக்கிறேன். அரிசி களையும்போதும் கோபம், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கோபம், கோயிலில் கண்ணை மூடினால் அங்கேயும் உன்மேல் கோபம்தான் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ வேலை பார்க்கிற மியூசியத்தைக் காட்டுவதற்கு உனக்கு நிச்சயித்திருக்கிற ஆதிராவின் வீட்டாரைக் கூப்பிட்டிருந்தாய். தேவராவிலிருந்து அவளும் அவள் அப்பா, அம்மா, சித்தியும் வந்திருந்தார்கள். நம் பக்கம் நானும், பள்ளுருத்தியிலிருந்து என் அக்காவும். நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையை அக்கா அன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். நீ வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்கு வேண்டாம் பெரியம்மா, நாளைக்கு வேண்டாம் பெரியம்மா என்று தள்ளிக்கொண்டே வந்தாய். அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பஜார் ரோட்டில் எலியும் சாக்குமாகக் கிடந்த கிடங்கை இப்படி மாற்றியிருக்கிறார்களே என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சீனத்து ஜாடி, ஆள் உயரத் தராசு, கொத்துச் சாவி, பல்லக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கதை. அந்த ஜாடியில் யார் வீட்டு ஊறுகாய் இருந்தது, அந்தச் சாவி எந்த முதலாளியின் பெட்டகத்தைத் திறந்தது என்று நீ கையை ஆட்டிச் சொல்லச் சொல்ல, ஆதிராவின் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். தராசு பக்கத்தில் நின்று, "என் அச்சனும் வெலிங்டன் தீவில் மூட்டை தூக்கியவர்தான்" என்று மலையாளத்தில் சொன்னாய் பார், உன் அப்பா இதைக் கேட்க இல்லையே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

ஏனென்றால் அடுத்த அறையில்தான் அது இருந்தது. மரச்சட்டம், அதில் மேல்பக்கம் கீல் வைத்த இரும்புத் தகடு, தூக்குவதற்கு ஒரு வளையம். பின்னாலிருந்து மஞ்சள் விளக்கு. சுவரில் முகம் படுகிற உயரத்தில் மாட்டியிருந்தீர்கள். பக்கத்தில் பலகை: மிளகு வாசல். வியாபாரிகள் இந்த வழியாகத்தான் மிளகைக் கைப்பிடி அளவு உள்ளே நீட்டித் தரம் காட்டுவார்களாம். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அந்த வளையத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அது எடுப்புக் கக்கூஸின் வாசல். பழைய வீடுகளில் பின்சந்துப் பக்கம், முழங்கால் உயரத்தில், வாளி போய்வருகிற அளவுக்கு இருக்கும். அதைத் தூக்கித்தான் உள்ளே இருப்பதை வழித்து எடுத்து, சாம்பல் தூவி, வாளியைச் சுமந்துகொண்டு சந்து முனையில் நிற்கிற வண்டியில் கொட்ட வேண்டும். அப்படிச் சுமந்தவள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றாள். முழங்கால் உயரத்தில் இருந்ததை முக உயரத்துக்கு ஏற்றியது யார் யோசனை? வருகிறவர்கள் தகட்டைத் தூக்கி அதற்குள் முகத்தை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு புதுமணத் தம்பதி கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்துக்கொண்டது. வேறு ஒரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

ஆதிராவின் சித்தியும் முகத்தை நீட்டப் போனார். அப்போதுதான் அக்கா முன்னால் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. விரலை மடக்கித் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு எட்டு ஒதுங்கினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். அவளாக நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். எதற்குத் தட்டினார் என்று ஆதிராவின் அம்மா கேட்டார். உன் முகத்தை நான் பார்த்தேன். ஒரு கணம் வெளுத்தது. அடுத்த கணம் சிரித்துக்கொண்டே, அந்தக் காலத்து வியாபாரிகள் அப்படித்தான் தட்டுவார்கள், உள்ளே இருக்கிற கணக்கப்பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று, பெரியம்மா பஜாரில் யாரோ சொல்லிக் கேட்டிருப்பார் என்றாய். எவ்வளவு சுலபமாக வந்தது உனக்கு. அக்கா வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சாயா வாங்கிக் குடித்தாள்.

நீ தெரியாமல் சொல்லியிருந்தால் நான் இந்தக் காகிதத்தை எடுத்தே இருக்க மாட்டேன். உன் முதலாளிக்குத் தெரியாது, சரி. இடித்த வீட்டிலிருந்து கதவு ஜன்னலோடு சேர்த்து லாரியில் வந்து இறங்கிய சாமான், அவர் என்னத்தைக் கண்டார். உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நீ கேட்டு நானே சொல்லியிருக்கிறேன், அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். அந்தத் தட்டும் உனக்குத் தெரியும். நீ குளித்துக்கொண்டிருக்கும்போது துண்டு கொடுக்க வந்தால்கூட இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டுவாள். ஐந்து வயசுப் பையனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் கேலி செய்வேன். நீயும் அவளைப் போலவே தட்டி விளையாடுவாய்.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன். தோப்பும்படி சிக்னலில் வண்டியை நிறுத்தினாய். அப்புறம் சொன்னாய். "முதலாளி இது என்னன்னு கேட்டப்ப வாயில வந்தத சொல்லிட்டேன்மா. இப்ப போர்டு வரைக்கும் போயாச்சு. ஒரு தகரத்துக்கு இவ்வளவு வேணுமா?" ஒரு தகரத்துக்காம். அதைத் தூக்கித் தூக்கித்தான் அக்காவின் வலது தோள் இறங்கிப் போயிருக்கிறது. தையற்காரர் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கித் தைப்பார். பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூட உனக்கு நினைப்பு வரவில்லை.

எங்கள் அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பதினைந்து. அம்மா பார்த்த கார்ப்பரேஷன் வேலையை வீட்டிலிருந்து ஒருத்தர் ஏற்காவிட்டால் துப்புரவுக்காரர் லைனில் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் அக்கா வாளியை எடுத்தாள். யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வாரமே ஒரு வீட்டில் தட்டாமல் தகட்டைத் தூக்கிவிட்டாள். உள்ளே அந்த வீட்டு அம்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். கூச்சல், அப்புறம் மேலிருந்து ஒரு பானைத் தண்ணீர். போதாது என்று மேஸ்திரியிடம் புகார். அவர் அந்த வீட்டு வாசலில் வெயிலில் அவளை மத்தியானம்வரை நிற்க வைத்தார். தெருவே பார்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவள் தட்டாமல் எதையும் திறந்ததில்லை. அவள் நின்றதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். தமிழ்ப் பிரிவில் பத்தாவது முடித்தேன், அங்கன்வாடியில் டீச்சர் ஆனேன், உன் அப்பா என்னைக் கட்டினார், நீ பிறந்தாய். நீ போட்டிருக்கிற ஐடி கார்டை முகர்ந்து பார், அந்தச் சந்தின் சாம்பல் வாசம் அதிலும் இருக்கும்.

அப்பா மூட்டை தூக்கியதைச் சொல்வதற்கு உனக்குக் கூச்சமில்லை. ஏலக்காயும் மிளகும் மணக்கிற முதுகு, போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மூட்டை தூக்கிய அப்பா ஆகும், வாளி தூக்கிய பெரியம்மா ஆகாது. ஆதிரா வீட்டில், பெரியம்மா கார்ப்பரேஷன் ஆபீஸில் இருந்தார் என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே. எந்த ஆபீஸ்? அவள் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குள் போனது பென்ஷனுக்குக் கைநாட்டு வைக்க மட்டும்தான். நீ மட்டும் வெளியில் சொல்லிக்கொண்டா திரிந்தாய் என்று காரில் என்னை மடக்கப் பார்த்தாய். கேட்டவர்களிடம் நான் சொன்னேன். அங்கன்வாடியில் சேர்ந்த புதிதில் ஒரு தாய், உங்கள் வீட்டில் என்ன வேலை என்று கேட்டாள். அக்கா செய்கிற வேலையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் பிள்ளைக்கு வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்குவாளி வந்தது. நான் கிண்டிய உப்புமாவை அந்தப் பிள்ளை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் நாலைந்து வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அழுகையாக வந்தது. ஆனாலும் அடுத்தவள் கேட்டபோது அவளிடமும் சொன்னேன். ஆகவே என் வாயை அடைக்கலாம் என்று நினைக்காதே.

இத்தோடு விட்டிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். போன வாரம் என்னிடம் படித்த பெண்ணொருத்தி மார்க்கெட்டில் பார்த்து, டீச்சர், உங்கள் மகனுடைய மியூசியத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதில் எல்லாரையும் இரண்டு தடவை தட்டச் சொல்கிறார்கள், நல்ல தமாஷ் என்றாள். என் காதில் ஈயத்தை ஊற்றிய மாதிரி இருந்தது. மறுநாளே டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். நீ அன்றைக்குக் கொல்லம் போயிருந்தாய். பலகையில் புது வரி சேர்த்திருந்தது, மலையாளத்தில், இந்தியில், ஆங்கிலத்தில்: அந்தக் கால வியாபாரியைப் போல இரண்டு முறை தட்டி, ஒரு எட்டு விலகி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு எட்டு விலகுவதைக்கூட விடவில்லை நீ. வரிசையில் நின்று தட்டுகிறார்கள், விலகுகிறார்கள், முகத்தைத் திருப்புகிறார்கள், சிரிக்கிறார்கள். விளக்கம் சொல்கிற பெண்ணிடம், மோளே இது மிளகு வாசல் இல்லை என்றேன். அவள் பொறுமையாகச் சிரித்து, "சார் பறஞ்சு தந்ததா அம்மே" என்றாள். நீ சொல்லிக் கொடுத்ததாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சோற்றுக்காகச் சொல்கிறாள். நீ எதற்காகச் சொன்னாய்?

நீ அந்த வாசலுக்குப் பொய்ப் பெயர் வைத்தாய், அது ஒரு பொய். ஆனால் அக்காவின் கையை எடுத்து யாரோ ஒரு வியாபாரிக்கு ஒட்டவைத்தாயே, அதற்கு என்ன பேர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் வேறு என்ன இருக்கிறது? நகை இல்லை, நிலம் இல்லை, ஒரு பழைய போட்டோகூட இல்லை. ஆயுசு முழுக்கச் செய்த வேலையில் அவள் தானாகக் கற்றுக்கொண்ட ஒரே ஒரு மரியாதை அந்தத் தட்டு. அதையும் பல்லக்கும் பெட்டகமும் வைத்திருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டாய். அக்காவிடம் வந்து கொட்டினேன். அவளுக்குக் கோபமே வரவில்லை, அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "விடுடி. கல்யாணம் கழியட்டும். பையனுக்கு நல்ல எடம் வந்திருக்கு" என்று முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். நான் முறத்தைப் பிடுங்கி வைத்தேன். அவள் எழுந்து போய் இன்னொரு முறத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். பள்ளுருத்திக்கு ஆதிரா வந்தாள். தனியாக, ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டு. நானும் அங்கேதான் இருந்தேன். உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், தனக்கு வருகிற தமிழில் நேராகக் கேட்டாள். "பெரியம்மே, அன்னிக்கு எதுக்கு தட்டுனது? மிளகுக்கு அல்லல்லோ." மிளகுக்காக இல்லைதானே என்று. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன், உன் பெரியம்மா முடிவு செய்யட்டும் என்று. அவள் அரிசி விலையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "உள்ள ஆளு இருக்கும் மோளே. தட்டாம தூக்கினா அவங்களுக்கு நாணக்கேடு. தட்டிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டா, எழுந்து போயிடுவாங்க. நம்மளும் பாக்கல, அவங்களும் பாக்கல."

கேட்டாயா? தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் வெயிலில் நிறுத்தியவர்களுக்கும் வெட்கமாக இருக்கக்கூடாது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சொல்லிக்கொள்ள உனக்கு வெட்கம். இந்த இடத்தில் எழுத்து கோணியிருந்தால் அதற்கும் சேர்த்து எழுத்துக்கூட்டிக்கொள்.

ஆதிரா அழவில்லை. அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. எந்தச் சந்து, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள், வாளியைத் தலையில் வைப்பீர்களா இடுப்பிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் அவள் பேசி நான் பார்த்ததில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. கப்பக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் இருந்தது. அந்தப் பெண் அக்காவின் தட்டில், அக்கா கையால் போட்டதை, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். உப்புமாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கை கழுவிய பிறகு அவள் என்னிடம் சொன்னது இதுதான். தாலியை எடுத்துக் கொடுக்கப் பெரியம்மாதான் மேடைக்கு வர வேண்டும். தன் அப்பாவிடம் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீதானாம். அது நியாயம்தான். தான் வந்து கேட்டது உனக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நானும் சரி என்று தலையாட்டினேன். பஸ் ஏறுவதற்குள் மனசு மாறிவிட்டது. மேடையில் நீ திருதிருவென்று விழிப்பதைப் பார்க்க அக்காவால் தாங்காது. அவளுக்காகத்தான் வாக்கை மீறுகிறேன், உனக்காக இல்லை. அந்தப் பலகையை மாற்று என்று இந்தக் கடிதத்தில் கட்டளையாக எழுத நினைத்திருந்தேன். அக்காவின் பேரையும் அதில் போடு என்று எழுத நினைத்திருந்தேன். இப்போது எழுதவில்லை. அம்மா சொல்லி மாற்றிய பலகை எனக்கு எதற்கு? இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்பத் திட்டிவிட்டாய் என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். மேளம் நின்று அவள் தாலித் தட்டை எடுக்கும்போது, பந்தலில் யாராவது ஒருத்தர் இந்த அம்மா யார், என்ன செய்தார் என்று கட்டாயம் கேட்பார். ஆதிரா பதில் சொல்ல மாட்டாளாம். உன்னைத் திரும்பிப் பார்ப்பாளாம். நீ என்ன சொல்வாய் என்று நானும் அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். பெற்று வளர்த்தும் எனக்குத் தெரியவில்லை. என் கோபமெல்லாம் அதுதான்.